நுங்கு என்னும் பன்றியின் இடப்பக்கம் கண்டபடி ஈச்சங்குடிக்கு விடுத்த ஓலை

நலம் நிலைக்க. கிடைகள் நிறைய. பசி நம் எல்லைக்கு அப்பால் நிற்க.

ஏழு மலைக்கும் மூன்று ஆற்றுக்கும் உரியவரும், பசித்தவரைப் பெயர் கேட்டுப் பசியாற்றுபவரும், வளைமருப்பு முத்திரை உடையவருமாகிய பேரரசி கொற்றவல்லித் தேவியாரின் திருவாய்மொழிப்படி, ஆழிமங்கலத்து அரண்மனை ஓலைநாயகம் அடவிநல்லான், மூங்கிலாற்றுக் கரையின் காவற்படைத் தலைவர் கோடன் சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் குதிரைகள் கால் நோகாது வாழ்க. உம் வீரர் வீட்டு அடுப்புகள் அணையாதிருக்க. உம் ஆற்றில் நீர் வற்றாதிருக்க. மற்ற நாளாயின் இன்னும் இரண்டு ஏடு வாழ்த்தியிருப்போம். இன்று அதற்கு நேரமில்லை.

சாத்தனாரே, இதை அவிழ்க்கும்போது உம் வீரர் கையில் பந்தம் எரிந்துகொண்டிருந்தால், முதலில் அதை ஆற்று நீரில் அமிழ்த்தச் சொல்லும். அமிழ்த்திய பின் வாசியும். இன்று காலை நாலாம் நாழிகையில் எம் கையெழுத்தோடும் முத்திரையோடும் புறப்பட்டு உம்மிடம் வந்த ஓலை தவறு. ஈச்சங்குடிப் பன்றிக்கிடையை வளைத்துப் பொழுது சாய்வதற்குள் எரியூட்டுக என்றும், குறுக்கே நிற்பவரை வெட்டி விலக்குக என்றும் அதில் எழுதியிருக்கும். எழுதியவர் நாமே. அரசியார் சொல்லி எழுதியதன்று. எம் அச்சம் சொல்லி எழுதியது.

ஒரு வேலையைப் பொழுது சாயுமுன் முடி என்றால் அதை உச்சிப்பொழுதுக்கே முடித்துவிட்டு மீசையை முறுக்குபவர் நீர் என்று நாடு அறியும். எத்தனையோ முறை அவையில் அதைச் சொல்லி உம்மைப் புகழ்ந்திருக்கிறோம். இன்று ஒருநாள் மட்டும் நீர் சோம்பியிருக்க வேண்டுமே, விறகு ஈரமாயிருக்க வேண்டுமே, உம் ஆட்களுக்கு வயிற்றுவலி வந்திருக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வமில்லை.

தந்த ஆணையை மாற்றும் ஆணையில் காரணம் முழுதும் எழுதியிருக்க வேண்டும், இல்லையேல் பொய்யோலை என்று தள்ளி முதல் ஆணையையே நிறைவேற்றுக என்பது நம் நாட்டுச் சட்டம். அதை வரைந்தவரும் நாமே. வரைந்த நாளில் பெருமையாகத்தான் இருந்தது. இன்று அது எம் கழுத்தைப் பிடிக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுகிறோம், இரண்டு எழுத்தர் மாறி மாறி எழுதுகிறார்கள். எழிச்சி என்னும் ஈச்சங்குடிப் பெண் எம் பக்கத்தில் நிற்கிறாள். ஒவ்வோர் ஏடு முடியும்போதும் சாளரத்தின் வழியே வெயிலைப் பார்க்கிறாள்.

ஏனக்களம் இன்னதென்று உமக்குத் தெரியும். ஆயினும் ஊரார் கேட்க வாசிக்க வேண்டிய ஓலையாதலால் சொல்லுகிறோம். பங்குனி தோறும் பத்து வயது முதல் பதினாறு வயது வரை உள்ள இளையோர், தம் கையால் வளர்த்த பன்றி ஒன்றோடு அரசர் முன் களம் இறங்குவார்கள். கையில் ஒரு மெல்லிய கோல். பன்றியின் மேல் கை படக்கூடாது. தலையிலும் முதுகெலும்பிலும் கோல் படக்கூடாது. தாடை ஓரம் தட்டினால் திரும்ப வேண்டும், விலாவில் தட்டினால் நடக்க வேண்டும். பன்றியின் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். பிள்ளையின் கண் அரசியார்மேல் இருக்க வேண்டும். அரசியார் ஓரிடத்தில் இருக்கமாட்டார். களத்தைச் சுற்றி நடந்துகொண்டேயிருப்பார். அவர் எங்கே நின்றாலும் அவர் கண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பன்றி இருக்க வேண்டும். அவர் கண்ணுக்கும் பன்றிக்கும் நடுவில் பிள்ளை வரவே கூடாது.

பார்க்க வந்த வேற்று நாட்டார் இதை விளையாட்டு என்று எண்ணிச் சிரிப்பார்கள். நம்மவர் சிரிப்பதில்லை. பதினோர் ஆண்டுக்கு முன் இதே களத்தில் ஒரு பிள்ளை தன் தொடையால் பன்றியின் காதோரத்துச் சிவப்பை மறைத்து நின்றான். ஒரு மாதத்துக்குள், பன்றிகளைச் சிவக்கவைத்துக் கொல்லும் செம்படை நோய் நாடெங்கும் பரவியது. கிடைகள் காலியாயின. மரப்பட்டையைக் காய்ச்சிக் குடித்தவர்களை நீரும் பார்த்தீர், நாமும் பார்த்தோம். அன்று மறைந்த மன்னரின் பின்னால் நின்றுகொண்டிருந்த நாம், அந்தப் பிள்ளை ஓரடி முன்னே வைத்ததைக் கண்டோம். சின்னப் பிள்ளை, கால் தவறிவிட்டது என்று எண்ணி வாய் திறக்கவில்லை. அந்த ஓரடி இன்றுவரை எம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அதன் பின் வந்ததுதான் இந்தச் சட்டம். பன்றியின்மேல் சிவப்புக் கண்டு தானே முன்வந்து சொன்ன ஊருக்கு ஏழு நாள் காவல். ஏழு நாளில் இன்னொரு பன்றி சிவக்காவிட்டால் கிடை பிழைக்கும். மறைத்த ஊருக்குக் காவலில்லை, அன்றே தீ.

இனி எழிச்சியைச் சொல்லுகிறோம். ஈச்சங்குடி நீலியின் மகள், வயது பதினாலு. ஈச்சங்குடி பாறைமேல் இருக்கும் ஊர். நெல் விளையாது, தினை விளைந்தால் அது ஆண்டவன் புண்ணியம். பன்றி ஒன்றே அவ்வூருக்குச் சோறு. செம்படை வந்த ஆண்டில் அவ்வூரில் தப்பியது ஒரே ஒரு பெண்குட்டி. அதைத் தன் மடியில் போட்டு வளர்த்தவள் நீலி. இன்று நீர் வளைத்து நிற்கும் கிடையில் உள்ள அத்தனை பன்றியும் அந்த ஒன்றின் வழி வந்தவை. நீலி கிடையின் வாசலிலேயே படுப்பவள் என்று ஊரார் கேலி செய்வார்களாம். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லையாம்.

ஈச்சங்குடிப் பன்றிகள் எல்லாம் கருநிறம். சென்ற ஆண்டு ஈன்ற குட்டிகளில் ஒன்று மட்டும் வெளுத்துப் பிறந்தது. உருண்டையாய், வழவழவென்று, பார்த்தவர் எடுத்துத் தின்னலாம் போலிருக்கிறது என்றார்களாம். அதனால் நுங்கு என்று பெயர். எழிச்சி அதற்கு நடை பழக்கிய அழகை ஊரே நின்று பார்த்ததாம். கோல் அசைவதற்கு முன்பே அது திரும்பும் என்று சொன்னாள். சொல்லும்போது அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

இரண்டு நாள் வண்டிப் பயணம் முடிந்து நேற்று முற்பகலில் ஆழிமங்கலத்து ஆற்றுமணலில் இறங்கினாள். சுற்றிலும் மற்ற ஊர்ப் பன்றிகள் கருங்கல் சிலை போல மின்னிக்கொண்டிருந்தன. களத்தில் மினுமினுப்புக்காகப் பன்றிக்கு எண்ணெய் தடவி, இறங்குமுன் துடைத்துவிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். எண்ணெயை விடியலில் போடு என்று நீலி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் பக்கத்துப் பன்றியின் பளபளப்பு இவள் கண்ணை உறுத்தியது. முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நுங்கை ஆற்றில் குளிப்பாட்டி, இலுப்பை எண்ணெயைக் காதிலிருந்து வால்வரை அப்பி, தோளில் கயிறு போட்டுப் புங்கமர நிழலில் கட்டிவிட்டு, பயண அலுப்பில் பக்கத்திலேயே படுத்து அயர்ந்துபோனாள். நிழல் நகர்ந்ததை அவள் அறியாள். பொழுது இறங்கும்வரை நுங்கின் இடப்பக்கம் முழுதும் பங்குனி வெயிலில் கிடந்தது. கரும்பன்றிக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. வெள்ளைத் தோல் எண்ணெயோடு வெயிலைத் தாங்காது என்று அவ்வூரில் யாருக்குத் தெரியும்? அவர்கள் வெள்ளைப் பன்றியைக் கண்டதே இதுதான் முதல் முறை.

விடியலில் எண்ணெயைத் துடைக்கப் போனவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். காதின் பின்னிருந்து வயிறுவரை செக்கச் சிவந்து கிடந்தது. செம்படை வந்தபோது அவளுக்கு மூன்று வயது; நோய் அவளுக்கு நினைவில்லை, ஆனால் அம்மா சொன்னது நினைவிருந்தது. முதலில் காதின் பின்னால் சிவக்கும், பிறகு வயிறு சிவக்கும், பிறகு ஒன்றும் மிஞ்சாது. துடைத்த துணியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

யாரிடம் கேட்பது? களத்து மருத்துவச்சியிடம் கேட்டால் சொன்னதாகிவிடும். சொன்னால் ஏழு நாள் காவல், உண்மையில் செம்படையாக இருந்தால் அதற்கு மேல் தீ. அம்மா மடியில் போட்டு வளர்த்தது அத்தனையும் சாம்பல். சொல்லாமல் திரும்பினால் யாருக்கும் தெரியாமல் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளை மனம் கணக்குப் போட்டது. களத்தில் இறங்காமல் ஓடிவிடலாம் என்றும் நினைத்தாள். ஓடுகிற பன்றியைக் காவலர் தேடி வருவார்கள் என்று அதையும் விட்டாள். வாயிலில் பார்வையிடும் காவலன் கொட்டாவி விட்டபடி வலப்பக்கமாக நின்று பல்லையும் குளம்பையும் பார்த்து உள்ளே அனுப்பிவிட்டான். அவனுக்கு உரிய தண்டனை தனி ஓலையில் போகிறது.

சாத்தனாரே, அதன் பின் அவள் செய்ததை நாம் கண்ணால் கண்டோம். ஆனால் கண்டது என்னவென்று அப்போது முழுதும் அறியவில்லை. நடுவில் வந்து நின்று மறைத்தால் எல்லார் கண்ணிலும் பட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் மறைக்கவில்லை. அரசியார் எந்தப் பக்கம் நடந்தாலும் அவர் கண்ணுக்கு நுங்கின் வலப்பக்கமே தெரியும்படி திருப்பிக்கொண்டேயிருந்தாள். அரசியார் கிழக்கே போனால் பன்றி வடக்கே நோக்கும். அவர் திரும்பினால் அதுவும் திரும்பும். அவர் சட்டென்று நின்றால் தலை நிமிர்த்தி நிற்கும். இருபத்திரண்டு பன்றி குறுக்கும் நெடுக்கும் போகிற களத்தில் இதைச் செய்வது முதிர்ந்த மேய்ப்பனுக்கும் ஆகாது. நடுவில் இரண்டு பன்றிகள் கடித்துக்கொண்டு, தடுப்புப் பலகையோடு நிற்கும் பலகைக்காரர் பாய்ந்துவந்து விலக்கினார்கள். அந்த அமளியில் மிரண்ட நுங்கை இரண்டே தட்டில் தன் வழிக்குக் கொண்டுவந்தாள். வழக்கம்போல் அரசியாரின் பின்னாலேயே நகர்ந்துவந்த கூட்டம் ஆரவாரித்தது. அரசியாரின் கண்ணைப் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்பது விதி; அந்தக் கண் தன்னைத் துளைத்துப் பன்றியின் மறுபக்கத்தைப் பார்த்துவிடும் என்று அஞ்சிக்கொண்டே பார்த்தாளாம்.

நாம் அரசியாருக்குப் பின்னால் நின்றிருந்தோம். முதற்சுற்றில் இந்தப் பெண்ணைப் போல் நடத்துபவர் இல்லை என்று மகிழ்ந்தோம். இரண்டாம் சுற்றில் ஏதோ உறுத்தியது. மூன்றாம் சுற்றில் அந்த வெள்ளைப் பன்றிக்கு இடப்பக்கம் என்று ஒன்றே இல்லாதது போலிருந்தது. பதினோர் ஆண்டுக்கு முன் கண்ட அந்த ஓரடி எம் கண்முன் வந்து நின்றது. இன்றும் வாய் மூடியிருந்தால் நாடு தாங்காது என்று தோன்றிற்றே தவிர, இறங்கிப்போய் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்ப்போம் என்று தோன்றவில்லை. முழங்காலிலேயே ஓலையை வைத்து எழுதினோம். முத்திரையிட்டோம். இருப்பதில் வேகமான குதிரையைக் கொடுத்து அனுப்பினோம். அரசியாரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணிய புத்தியை என்ன சொல்ல! அறுபத்தெட்டு வயதுப் புத்தி.

எழிச்சிக்கு இது எதுவும் தெரியாது. இதைச் சட்டத்துக்காக அழுத்திச் சொல்லுகிறோம். குதிரை போனதை அவள் காணவில்லை. எம்மில் எவரும் அவளிடம் பேசவும் இல்லை.

சுற்றுகள் முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அரசியார் ஒவ்வொருவரிடமும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். உன் பன்றியில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய் என்பதே அக்கேள்வி. தன் பன்றியின் குறை தெரியாதவன் நல்ல மேய்ப்பனல்லன் என்பது மறைந்த மன்னர் வகுத்தது. ஒருவன் காது சிறிது என்றான். ஒருத்தி பின்னங்கால் சற்று உள்வாங்கியிருக்கிறது என்றாள். ஒருவன் இதற்குக் கோபம் அதிகம், என் தங்கையைப் போல என்றான், கூட்டம் சிரித்தது. வால் சுருள் போதாது என்று சொல்ல எழிச்சி ஆயத்தமாயிருந்தாள். வழியெல்லாம் வண்டியில் சொல்லிப் பார்த்த விடை அது. நுங்கின் வலப்பக்கம் அரசியாரை நோக்கியிருந்தது. இன்னும் நாலு பேர், பிறகு அவள், பிறகு வீடு.

அப்போது அவளுக்கு அடுத்து நின்ற சிறுமியின் பன்றி முகத்தை நீட்டி நுங்கின் இடப்பக்கத்தை நக்கத் தொடங்கியது. துடைத்தும் போகாத எண்ணெய் வாசனை அதற்குப் பிடித்துவிட்டது. அந்தச் சிறுமி வெள்ளாற்றங்கரையிலிருந்து வந்தவள். பத்து வயதுதான் இருக்கும். அவள் பாட்டுக்குத் தன் பன்றியின் முதுகைத் தூரிகையால் சீவிக்கொண்டு, அரசியார் தன்னிடம் வரும்போது என்ன சொல்லலாம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எழிச்சி கோலால் அந்தப் பன்றியைத் தள்ளிப் பார்த்தாள். அது மறுபடி வந்து நக்கியது. இது செம்படையானால் இந்தப் பன்றி நாளை வெள்ளாற்றுக்குப் போகும், அங்கே இன்னொரு கிடை, அங்கே இன்னொரு அம்மா என்று அவள் நினைத்தாள். அந்தச் சிறுமி அண்ணாந்து பார்த்து, இதுக்கு உன் பன்றியை ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா என்று சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை என்று எழிச்சி சொன்னாள்.

அரசியார் வந்து நின்றார். களத்தில் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதியாதலால் இருவர் சொல்லையும் அப்படியே எழுதுகிறோம்.

"பெண்ணே, உன் பன்றியில் எதை மாற்றுவாய்?"

"மாத்த ஒண்ணும் இல்ல தாயே. காட்ட ஒண்ணு இருக்கு."

சொல்லிவிட்டுத் தாடையோரம் ஒரு தட்டுத் தட்டினாள். நுங்கு வழக்கம்போல் அழகாகத் திரும்பி இடப்பக்கத்தைக் காட்டி, தலை நிமிர்ந்து நின்றது.

தாய்மார் ஓடிவந்து தத்தம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பன்றிகள் கத்தின. பலகைக்காரர் நாற்புறமும் அடைத்தார்கள். வெள்ளாற்றுச் சிறுமி மட்டும் ஒன்றும் புரியாமல் தன் பன்றியைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். எழிச்சி அடைத்த பலகைகளுக்குள்ளே மண்ணில் விழுந்து, விடியலில் கண்டதையும் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது, எங்க அம்மாவுக்கும் தெரியாது, மறைச்சது நான் ஒருத்திதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பன்றியைத் தள்ளி நிறுத்துங்க, அது நக்கிருச்சு என்று சிறுமியின் பன்றியைக் காட்டினாள்.

அரசியார் பின்வாங்கவில்லை. பலகைக்கு இப்புறம் வந்து நின்று மருத்துவச்சி உலகியை அழைத்தார். உலகி உள்ளே போய் முதலில் காதைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. சிவப்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. செம்படையானால் அழுத்தினாலும் சிவப்புப் போகாது என்று அவள் அரசியாரிடம் விண்ணப்பித்தாள். பிறகு தோளருகே குனிந்து எதையோ உற்றுப் பார்த்தாள். அந்தச் சிவப்பின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று, நூல் பிடித்தாற்போல் ஓடியது. நேற்றுக் கட்டிய கயிறு கிடந்த இடம் அது. கயிற்றின் அடியில் வெயில் படவில்லை. விடியலிலிருந்து அந்தக் கோடு எழிச்சியின் கண்முன்னே இருந்திருக்கிறது. அச்சத்தில் அவள் சிவப்பை மட்டுமே பார்த்தாள். அவளைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. நாம் அந்தப் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எதைத் தடவினாய், எங்கே கட்டினாய் என்று உலகி கேட்டாள்; எழிச்சி சொன்னாள். வெள்ளைத் தோலுக்கு எண்ணெயைப் பூசி வெயிலில் வறுத்து எடுத்திருக்கிறாயே, அறிவிருக்கிறதா உனக்கு என்று உலகி வைத வசையைக் கேட்டு, கூட்டத்தில் பாதிப்பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். எழிச்சி பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கைபடக்கூடாது என்ற விதியை அப்போது எவரும் நினைக்கவில்லை.

அரசியார் தீர்ப்புச் சொன்னார். முதலில் மறைத்தது குற்றம், அதனால் இந்தப் பெண் இனிக் களம் இறங்கக்கூடாது. கேட்டபோது தானே காட்டினாள், அதனால் ஈச்சங்குடி சொன்ன ஊர். மருத்துவச்சி சொன்னாலும் சட்டம் சட்டமே, ஏழு நாள் காவல் போடுக. இவ்வளவும் சொல்லி, ஓலை எழுத எம் பக்கம் திரும்பினார்.

சாத்தனாரே, எம் வாழ்நாளில் போர் பார்த்திருக்கிறோம், பஞ்சம் பார்த்திருக்கிறோம். அந்த ஒரு நொடியைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை. குதிரை போய்விட்டது தாயே என்றோம். அரசியார் எம்மை வையவில்லை. வெயிலை ஏறிட்டுப் பார்த்தார். எழிச்சி எழுந்து எம்மிடம் வந்து, அதில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். சொன்னோம். குறுக்கே நிற்பவரை வெட்டி விலக்குக என்றதையும் சொன்னோம். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"எங்கம்மா நிப்பா," என்றாள்.

ஆகவே ஆணை இது. கிடைக்குத் தீ வைக்கக் கூடாது. அடுக்கிய விறகைக் கிடையிலிருந்து அகற்றுக. இன்று தொடங்கி ஏழு நாள் கிடை வாசலில் காவல் நிற்க. பன்றி வெளியே போகாமலும் வேற்றுப் பன்றி உள்ளே வராமலும் காக்க. நீரும் தீனியும் ஊரார் வழக்கம்போல் கொடுக்கத் தடையில்லை. நுங்கும் வெள்ளாற்றுச் சிறுமியின் பன்றியும் ஏழு நாள் ஆழிமங்கலத்திலேயே தனித்தனியே அடைபட்டிருக்கும். ஏழாம் நாள் வரை இன்னொரு பன்றி சிவக்கவில்லையேல் கிடை நீலியின் கையில் திரும்ப ஒப்படைக்கப்படும். சிவந்தால், அதன் பின் செய்ய வேண்டியது உமக்கே தெரியும். அதை எழுத எம் கை வரவில்லை.

அரசியார் எமக்கு இட்ட தண்டனையும் இதில் எழுதப்பட வேண்டும். ஓலைநாயகம் அடவிநல்லான் எழிச்சியோடு வண்டியேறி ஈச்சங்குடிக்கு வந்து, எஞ்சிய காவல் நாள் முழுதும் அந்தக் கிடை வாசலில் ஊரார் காண உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி வர இரண்டு நாளாகும். வருகிறோம்.

கடைசி ஏடு இது. இதை மட்டும் இரண்டு முறை வாசியும். கிடை வாசலில், உம் பந்தத்துக்கும் பன்றிகளுக்கும் நடுவே ஒரு பெண் நிற்பாள். அவள்தான் நீலி. நம் நாட்டில் நடுவே நிற்பது குற்றம். அவள் நிற்பது இன்று குற்றமன்று என்று பேரரசியார் ஆணையிடுகிறார். அவள்மேல் ஒருவர் கையும் படக்கூடாது. நீர் சொன்னால் நம்பமாட்டாள், படையைக் கண்டவள் எதையும் நம்பமாட்டாள். ஆகவே மகள் சொல்லியனுப்பும் சொல்லை அவள் காது கேட்க அப்படியே வாசியும்: அம்மா, எண்ணெய நீ சொன்ன மாதிரி விடியல்ல போடாம முன்னாடியே போட்டுட்டேன். இடப்பக்கத்த நானே காட்டிட்டேன். வழிய விட்டு விலகி நில்லு, நான் வந்துக்கிட்டிருக்கேன்.

இதை வாசிக்கும்போது அவள் அங்கே நிற்கவில்லையானால், சாத்தனாரே, எமக்கு மறுமொழி ஓலை வேண்டாம். வண்டி வரும் வழிக்கு ஓர் ஆளை அனுப்பி, எம்மை மட்டும் தனியே அழைத்துச் சொல்லச் சொல்லும். அந்தப் பெண்ணிடம் நாமே சொல்லுகிறோம்.

பங்குனித் திங்கள், ஏனக்களம் கூடிய நாள், காலை பதின்மூன்றாம் நாழிகை. பேரரசியார் திருமுன் வாசித்துக் காட்டி, வளைமருப்பு முத்திரை அவர் கையாலேயே இடப்பெற்றது. குதிரை சேணம் பூட்டி வாசலில் நிற்கிறது.